நல்லதம்பியார் பாடாத பாட்டு

அந்தப் பாட்டு வேடர்களுடையது அல்ல. நான் எழுதியது.

சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிட்டேன். உங்கள் வீட்டுப் புத்தக அலுமாரியில் பச்சை அட்டை போட்ட அந்தச் சின்னப் புத்தகம் இருக்கக்கூடும். கிழக்குக் கரையோரத்து வேடர்கள், செத்துப்போன தங்கள் முன்னோரைச் சடங்குக்கு அழைக்கும் பாட்டு என்று அதில் போட்டிருக்கும். தொகுத்தவர் என்று என் பெயரும் இருக்கும். நீங்கள் அதை வாசித்து உருகியிருந்தால்... உருகியது எனக்காக! காட்டில் வாழ்ந்த எவருக்காகவும் அல்ல.

நான் கொழும்பில், கொட்டாஞ்சேனையில் ஒரு பெண்கள் பாடசாலையில் தமிழ் படிப்பித்தவள். வெள்ளவத்தையில், கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், தொடர்மாடி வீட்டில் அக்காவுடன் இருந்தேன். இரண்டு பேரும் கலியாணம் செய்யவில்லை. அக்கா களுபோவில ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்தாள். அவள் வழியாகத்தான் நல்லதம்பியார் எங்கள் வாழ்க்கைக்குள் வந்தார்.

கிழக்கே வாகரைப் பக்கத்து மனிதர். வயிற்றில் கட்டி என்று கொழும்புக்கு அனுப்பியிருந்தார்கள். வார்டில் அவருடைய தமிழ் அக்காவைத் தவிர ஒருவருக்கும் விளங்கவில்லை, அவருக்கும் சிங்களம் தெரியாது. "ஒருக்கா வந்து கதைச்சுப் பாரன். அந்த மனுஷன் சாப்பிடாமல் கிடக்குது" என்று அக்கா கேட்டாள். போனேன். என்ன சாதிசனம் என்று விசாரித்தேன். யாழ்ப்பாணத்தார் வேறு எதைத்தான் முதலில் விசாரிப்போம்!

"நாங்க வேடர், ரீச்சர்" என்றார். குரலில் வெட்கமும் இல்லை, பெருமையும் இல்லை.

எனக்கு வேடர் என்றால் முருகன் கோயில் திருவிழாவும் வள்ளி கலியாணமும்தான். அந்தக் கட்டிலில் கிடந்த மெலிந்த மனிதர், மீன் பிடிப்பவர், தேன் எடுப்பவர், என்னைப் போலவே தமிழ் பேசுபவர். என்னைப் போலவே என்றா சொன்னேன்? அப்போது அப்படி நினைக்கவில்லை. "பிழையான தமிழ்" என்றுதான் மனதுக்குள் சிவப்பு மையால் கோடு கீறிக்கொண்டிருந்தேன்.

சத்திரசிகிச்சை முடிந்தது. ஆனால் ஊருக்குப் போகும் பாதை சண்டையால் மூடிக் கிடந்தது. லொட்ஜில் தங்க வைத்தால் யார், எவர், ஏன் வந்தாய் என்று ஆயிரம் கேள்வி. அக்காதான் பொலிஸ் பதிவு செய்து அவரை எங்கள் வீட்டு முன்னறையில் பாயில் படுக்க வைத்தாள். ஒன்பது நாள் இருந்தார்.

கடலைப் பார்த்து அவர் சிரித்தது நினைவிருக்கிறது. "இஞ்ச என்ன ரீச்சர், சூரியன் கடலுக்குள்ள விழுது! எங்கட பக்கம் கடலுக்குள்ள இரிந்துதான் எழும்பும்" என்றார்.

அந்த நாட்களில் எனக்கு ஒரு விசர். கொழும்பில் சில படித்தவர்கள் கூடி, அழியும் வழக்குகளைச் சேகரிக்க வேண்டும் என்று கூட்டம் போட்டுக்கொண்டிருந்தோம். எல்லோரும் கட்டுரை வாசித்தார்கள். என் வீட்டிலோ ஒரு வேடரே இருந்தார்! விடுவேனா? பாட்டுப் பாடச் சொல்லி நச்சரித்தேன். மறுத்தார்.

"அது சும்மா பாடுற பாட்டில்ல ரீச்சர். எங்கட ஆக்கள் செத்தா எங்கயும் போறல்ல. காட்டு வழியில நிண்டு கொண்டிரிப்பாங்க. பந்தல் போட்டு, பேர் சொல்லிக் கூப்பிடோணும். கூப்பிட்டா வந்து ஒரு ஆள்ல ஏறி ஆடுவாங்க, பிள்ளையளோட கதைப்பாங்க. கூப்பிடாட்டி நிண்ட இடத்திலயே நிப்பாங்க."

ஐந்தாம் நாள், அவராகவே கேட்டார். பாட்டைப் பதியக் கசற் பெட்டி இருக்கிறதா என்று. வயிற்று நோ கூடியிருந்தது. தான் கனகாலம் இருக்க மாட்டேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது போலும்.

"இந்தப் பாட்டு என்ட அப்பா எனக்குத் தந்தது. நான் மகனிட்டக் குடுத்திரிப்பன். மீனுக்குப் போனவன் வரல்ல. மறுகா இரிக்கிறது மகள் பூமணி மட்டும்தான். பொம்புளப் பிள்ளைக்குச் சொல்லிக் குடுக்கிற வழக்கம் இல்ல... இப்ப வழக்கம் பார்க்க ஏலுமா? அவள் எங்க இடம்பெயர்ந்து கிடக்கிறாளோ தெரியா. நீங்க வச்சிரிங்க. அவள் வருவாள். குடுங்க. நான் செத்தா என்னைக் கூப்பிட இது வேணும்."

கேட்டீர்களா? ஆராய்ச்சிக்குத் தந்த பாட்டல்ல அது. என்னை நம்பி ஒப்படைத்த பொருள்.

ஒரு செம்புத் தண்ணீர், ஒரு பிடி அரிசி, வெற்றிலை. கிழக்குப் பக்க ஜன்னலைப் பார்த்து இருந்து பாடினார். கடலோரமாக ரயில் போகும்போதெல்லாம் நிறுத்தி, சத்தம் அடங்கும் வரை காத்திருந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். மூன்று கசற் நிறைந்தது. ஆற்று முகத்துவாரங்களின் பெயர்கள், மரங்களின் பெயர்கள், செத்தவர்களின் பெயர்கள். எனக்கு விளங்காத எத்தனையோ சொற்கள். விளங்கிய வரிகளோ, சொல்லக் கூசுகிறது, எனக்கு ஏமாற்றமாக இருந்தன. அவ்வளவு சாதாரணம்! தண்ணீர் வைத்திருக்கிறது, குடியுங்கள். வெயில் ஏற முதல் வாருங்கள். இதுதானா பழங்குடிப் பாட்டு என்று நினைத்தேன்.

பாதை திறந்ததும் அவர் போய்விட்டார். வீட்டு விலாசத்தை ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தேன். கசற்றுகளில் அவர் பெயரையும் ஊரையும் முத்து முத்தாக எழுதி ஒட்டி அலுமாரியில் வைத்தேன். பிறகு பரீட்சைத் தாள்கள் வந்தன. விடுமுறைக்கு ஆறுதலாக எழுதலாம் என்று தள்ளிப்போட்டேன். முதல் கசற்றில் பாதியைத்தான் குறிப்பேட்டில் எழுதியிருந்தேன்.

இரண்டு மாதம் கழித்து, ஒரு காலை, ஒழுங்கையின் இரண்டு பக்கமும் ஆமி நின்றது. வீடு வீடாகச் சோதனை. அக்கா வேலைக்குப் போய்விட்டாள். நான் தனியே.

அந்தக் காலத்தை அறிந்தவருக்கு நான் விளக்கத் தேவையில்லை. அறியாதவருக்கு எப்படி விளக்குவேன்? அடையாள அட்டையைத் தேடினேன். அலுமாரியைத் திறந்தேன். என் முத்தான கையெழுத்து என்னைப் பார்த்தது! கிழக்கிலங்கை ஊர்ப் பெயர். உள்ளே காட்டு வழிகளின் பெயர்கள். எனக்கே விளங்காத மொழி. இது என்ன என்று கேட்டால்? இரகசிய மொழி என்றால்? யார் இந்த மனிதன், ஏன் உன் வீட்டில் தங்கினான் என்றால்?

கீழ்மாடியில் கதவு தட்டும் சத்தம். நாடாவை இழுத்தேன். இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது! கத்தரிக்கோலால் துண்டு துண்டாக வெட்டி மலசலகூடத்தில் போட்டுத் தண்ணீர் ஊற்றினேன். போகவில்லை, மிதந்தது. மறுபடி ஊற்றினேன். மறுபடி... வெற்றுக் கசற் கூடுகளை அரிசி வாளிக்குள் புதைத்தேன்.

வந்தவர்கள் இரண்டு பேர். அடையாள அட்டையைப் பார்த்தார்கள். ஒருவன் ரேடியோவுக்குப் பக்கத்தில் கிடந்த கசற் ஒன்றைத் தூக்கினான்.

"மே மொனவத?" இது என்ன என்று சிங்களத்தில் கேட்டான்.

"சிந்து, மாத்தயா" என்றேன். பாட்டுகள் ஐயா என்றேன். அது பக்திப் பாட்டுக் கசற்.

"ஹரி, டீச்சர்." சரி என்று வைத்துவிட்டுப் போனான். அலுமாரியைத் திறக்கக்கூட இல்லை. இரண்டு நிமிடமும் ஆகவில்லை.

பயந்தேன், அழித்தேன். அதற்காக நான் உங்களிடம் வரவில்லை. அக்கா அன்று பின்னேரம் வந்து, நான் குசினியில் நிலத்தில் இருப்பதைக் கண்டு, எல்லாம் கேட்டுவிட்டுத் தலையைத் தடவினாள். "பயந்ததுக்கு என்ன செய்யிறது? ஆர் பயப்பிடேல்லை? அந்த மனுஷனுக்கு உண்மையை எழுதிப் போடு" என்றாள். அவள் சொன்னபடி செய்திருந்தால் இது ஒரு சாதாரணத் துக்கக் கதையாக முடிந்திருக்கும்.

நான் எழுதினேன். கடிதம் அல்ல. பாட்டை!

கூட்டத்தில் எல்லோருக்கும் சொல்லியாகிவிட்டது, என்னிடம் வேடர் பாட்டு இருக்கிறது என்று. எப்போது தருவீர்கள் என்று வாராவாரம் கேட்டார்கள். குறிப்பேட்டைத் திறந்தேன். அதிலிருந்த கொஞ்ச வரிகளும் சப்பென்று தெரிந்தன. ஓரிரு இடத்தில் "திருத்தினேன்". பிறகு மிச்சத்தையும் அந்தத் திருத்தத்துக்குப் பொருத்தமாக... தமிழ் படிப்பிக்கிறவளுக்கு எதுகைக்கும் மோனைக்கும் பஞ்சமா? நான்கு பின்னேரத்தில் முடித்துவிட்டேன். கானகம் காக்கும் காவலர் வந்தார்கள். கார்முகில் வந்தது. பனிமலர் தூவிய பாதை வந்தது. வாகரைக் காட்டில் பனிமலர்! ஒருவரும் கேட்கவில்லையே!

எழுதும்போது எனக்கு வெட்கமே வரவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். சந்தோஷமாக இருந்தது. அவருக்கு நல்லது செய்கிறேன் என்றே நினைத்தேன். அவர் சொல்ல நினைத்து, சொல்லத் தெரியாமல் விட்டதை நான் சொல்லிக்கொடுக்கிறேன் என்று... எவ்வளவு திமிர்!

வெள்ளவத்தையில் ஒரு மண்டபத்தில் வெளியீடு. சரிகைச் சேலை கட்டிக்கொண்டு போனேன். குரலற்றவர்களுக்குக் குரல் கொடுத்தவர் என்று ஒருவர் என்னைப் பாராட்டினார். கைதட்டல். அந்த மண்டபத்தில் ஒரு வேடர் இருந்தாரா என்று இப்போது யோசிக்கிறேன். ஒருவரும் இல்லை. அழைக்க வேண்டும் என்றும் ஒருவருக்கும் தோன்றவில்லை. அக்கா வரவில்லை. அடுத்த வருடம் கனடாவுக்குப் போகும்வரை அந்தப் புத்தகத்தை அவள் கையால் தொடவும் இல்லை.

அக்கா போய்ச் சில மாதத்தில் பூமணி வந்தாள்.

கதவைத் திறந்தேன். கறுத்த, உயரமான பெண். கையில் என் கையெழுத்தில் எழுதிய விலாசத் துண்டு. எத்தனையோ தடைமுகாம் தாண்டி இரண்டு நாள் பயணம் செய்து வந்திருந்தாள். நல்லதம்பியார் வேறொரு அகதி முகாமில், அவள் தேடிக் கண்டுபிடிக்க முதலே காய்ச்சலில் செத்துப்போனார் என்றாள். சாகுமுன் பக்கத்தில் இருந்த ஒருவரிடம், பாட்டு ரீச்சரின் கசற்றில் இருக்கிறது என்று மகளுக்குச் சொல்லும்படி இந்தத் துண்டைக் கொடுத்தாராம்.

"கசற் எங்க, ரீச்சர்? அப்பாட குரல ஒருக்காக் கேட்டிட்டுக் கொண்டு போறன்."

அப்போது சொல்லியிருக்கலாம். வாசலில் நின்ற அந்த நிலையிலேயே காலில் விழுந்து சொல்லியிருக்கலாம்! என் வாய் என்ன சொன்னது தெரியுமா?

"கடல் காத்துக்கு நாடா பழுதாப் போச்சு, பூமணி. ஆனா ஒண்டுக்கும் யோசிக்காதையும். எல்லாம் இந்தப் புத்தகத்தில இருக்கு."

அவள் அழுதாள். பிறகு, என் முகத்தைப் பார்த்துவிட்டு, என்னைத் தேற்றினாள். "பரவால்ல ரீச்சர். நீங்க வேணுமெண்டா செஞ்சயள்? எழுதியாவது வச்சிரிக்கிறயளே, அது பெரிய புண்ணியம்."

அவளுக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். பாடிக் காட்டச் சொன்னாள். பாடினேன். முதல் நாலு வரிக்குத்தான் அவருடைய மெட்டு எனக்கு நினைவிருந்தது. மிச்சம் சின்ன வயதில் படித்த தேவாரப் பண்ணில் வழுக்கிக்கொண்டு போயிற்று. புதுக் கசற் ஒன்றைப் போட்டுப் பதிந்தும் கொடுத்தேன். தகப்பனின் குரலைத் தேடி வந்தவள் என் குரலைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனாள்.

போக முதல் ஒன்று கேட்டாள். "அப்பா இவ்வளவு பெரிய தமிழிலயா பாடினவர்?"

"ஓம். சடங்கெண்டால் அப்பிடித்தானே" என்றேன்.

இத்தோடு முடிந்திருந்தால்கூட நான் எப்படியோ நித்திரை கொள்ளப் பழகியிருப்பேன். மனிதர் எதற்கும் பழகிவிடுகிறோம்.

அடுத்த வருடம், ஒரு சனிக்கிழமை காலை, மறுபடி வந்தாள். மெலிந்திருந்தாள். கதிரையில் இருக்கச் சொன்னேன், நிலத்தில் இருந்தாள்.

"அப்பா வரல்ல, ரீச்சர்."

பந்தல் போட்டார்களாம். முகாமில் இருந்த அவர்களுடைய ஆட்கள் எல்லோரும் கூடினார்களாம். கசற்றைக் கேட்டுக் கேட்டுப் பாடமாக்கி, பெயர் சொல்லிக் கூப்பிட்டார்களாம். மூன்று நாள். ஒருவரிலும் ஏறவில்லை. ஒருவரும் ஆடவில்லை.

"வயசான ஒருத்தர், இது அந்தப் பாட்டில்ல எண்டவர். நான் புத்தகத்தக் காட்டினன். கொழும்பில அச்சடிச்ச புத்தகம், ரீச்சர் எழுதினது, பிழைக்குமா எண்டு கேட்டன். அவர் மறுகா ஒண்டும் கதைக்கல்ல."

நான் என்ன செய்தேன்? தேத்தண்ணி ஊற்றினேன். சீனி எத்தனை கரண்டி என்று கேட்டேன்!

அவள் தொடர்ந்தாள். பிழை யாரில் என்று யோசித்தார்களாம். முகாமுக்குப் பக்கத்தில் கிறிஸ்தவ சபைக்காரர் நடத்தும் பள்ளிக்கூடத்தில் அவள் இரண்டு பிள்ளைகளையும் சேர்த்திருந்தாள். அங்கே செபம் சொல்லிக்கொடுப்பார்கள். அதுதான் அப்பாவுக்குக் கோபம் என்று ஊரார் முடிவு கட்டினார்கள். அவளும் நம்பிவிட்டாள்.

"பிள்ளையள பள்ளிக்கூடம் போகாம மறிச்சுப் போட்டன், ரீச்சர். மூத்தவள் நல்லாப் படிக்கிறவள். அழுகிறாள். என்ன செய்ய? அங்க அப்பா தனிய நிக்கிறார். எனக்குத் தெரிஞ்ச ஆக்கள்ல கடைசியா அவரோட இரிந்து கதைச்சது நீங்கதான். என்னில கோவமெண்டு ஏதும் சொன்னவரா?"

"இல்லை பூமணி. அப்பிடி ஒண்டும் சொல்லேல்லை."

நான் அவளிடம் சொன்னவற்றில் அது ஒன்றுதான் உண்மை.

நீங்கள் கேட்கிறீர்கள், அப்போதாவது சொல்லவில்லையா என்று. தொண்டை வரை வந்தது. இரண்டு பிள்ளைகளின் படிப்பு! இருபது வருடம் பிள்ளைகளைப் படிப்பித்தவள் நான். ஒரு வாக்கியம் போதும். "அந்தப் பாட்டு என்னுடையது." அவ்வளவுதான். ஆனால் அந்த வாக்கியத்துக்குப் பிறகு நான் யார்? மண்டபத்தில் சரிகைச் சேலையோடு நின்றவள் யார்? தன்னைத் தேற்றிய பெண்ணின் முகத்தைப் பார்த்துக்கொண்டு இதை எப்படி... நியாயம் சொல்லத் தொடங்கிவிட்டேன். நிறுத்துகிறேன்.

"நாங்க எங்கயோ பிழையாப் பாடியிரிக்கம்" என்றாள் அவள். "ஒருக்காத் திருத்தித் தாங்க, ரீச்சர்."

திருத்தம்! என் தொழிலே அதுதானே. புத்தகத்தை மடியில் விரித்து வைத்துக்கொண்டேன். அவள் கண்ணை மூடிப் பாடினாள். கானகக் காவலர், கார்முகில், எல்லாம் என் சொற்கள், என் பண். ஒரு பிழையும் இல்லை. நடுவில், பனிமலர் வரவேண்டிய இடத்தில், அவள் குரல் சட்டென்று தாழ்ந்தது. வேறு மெட்டுக்கு மாறியது.

"பார்த்து மிதிச்சு வாங்கப்பா, பாதையில முள்ளிரிக்கி..."

அது நல்லதம்பியாரின் வரி. என் குறிப்பேட்டில் இல்லாத வரி. இரண்டாம் கசற்றிலோ மூன்றாம் கசற்றிலோ, ஒரு ரயில் போய் முடிந்த பிறகு அவர் பாடியது. கேட்டவுடன் அறிந்தேன். சின்ன வயதில் பந்தலுக்குப் பின்னால் இருந்து கேட்டது அவளுக்குள் எங்கோ கிடந்திருக்கிறது. நான் வெட்டித் தண்ணீரில் விட்ட பாட்டு முழுதாகச் சாகவில்லை! இன்னும் கொஞ்சம் விட்டால், அடுத்த வரியும் அதற்கடுத்த வரியும் வந்திருக்குமோ என்னவோ... நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தாலே போதும்.

"அது இல்லை, பூமணி" என்றேன். "புத்தகத்தில அப்பிடி இல்லை."

அவள் கண்ணைத் திறந்தாள். பயந்துபோன மாணவியின் முகம். "ஐயோ, மன்னிச்சிருங்க ரீச்சர். எங்க இரிந்து வந்திச்செண்டே தெரியல்ல. இப்பிடித்தான் அங்கயும் பாடிக் கெடுத்தனோ என்னமோ!"

பனிமலர் வரியைச் சொல்லிக் கொடுத்தேன். திரும்பச் சொல்ல வைத்தேன். அவள் மறுபடியும் அந்த இடத்தில் தடுமாறினாள், முள் வந்தது. மறுபடியும் திருத்தினேன். மூன்றாம் முறை ஒரு பிசகும் இல்லாமல் என் வரியைப் பாடினாள். "சரி" என்றேன்.

நேற்று அவளிடமிருந்து கடிதம் வந்தது. யாரோ எழுதிக் கொடுத்தது. மூத்தவளாக இருக்கலாம், பள்ளிக்கூடப் பிள்ளையின் கையெழுத்து. அடுத்த மாதம் மறுபடி பந்தல் போடுகிறார்களாம். இரண்டு பிள்ளைகளுக்கும் பாட்டை முழுக்கப் பாடமாக்கியிருக்கிறாளாம். அந்த முள் வரி இப்போது தனக்கு மறந்தே போய்விட்டது, இனிப் பிழை வராது, ரீச்சர் யோசிக்க வேண்டாம் என்று எழுதியிருக்கிறாள்.